சிறப்பு விருந்தினர் இன்னும் கிளம்பவில்லை

சிங்கப்பூரில் குளிர்காலம் உண்டு. ஞாயிறுதோறும் போனில் இதைச் சொல்லும்போது புனேயில் இருக்கும் என் மகள் சிரிக்கிறாள். "அம்மா, உங்க ஸ்கூல் ஜாக்ரபி டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பேசும்மா" என்கிறாள். ஜாக்ரபி டீச்சருக்கு வானம் தெரியும், கட்டடம் தெரியாது. இங்கே குளிர்காலம் கட்டடத்துக்குள் இருக்கிறது. நான் வேலை பார்த்த கட்டடத்தில் அது வந்த பிறகு வெகுநாள் போகவே இல்லை.

கோவில்பட்டியில் பள்ளிக்கூடத் தமிழாசிரியையாக இருந்த என்னைப் பேசுதமிழ்ப் பெருநிலையம் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வருகைதரு ஆசிரியராக அழைத்திருந்தது. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருக்கிறது அந்தக் கண்ணாடிக் கட்டடம். தமிழ் மறந்துபோன பெரியவர்களுக்கு மறுபடி பேசக் கற்றுக்கொடுப்பது அதன் நோக்கம். அதற்காக ஓர் இயக்குநர், ஏழு துணைக்குழுக்கள், ஒரு பாடல், ஒரு கொடி எல்லாம் இருந்தன. சனிக்கிழமை பிற்பகலில் ஒரு வகுப்பும் இருந்தது. அந்த வகுப்பு என்னுடையது.

உள்ளே பதினேழு டிகிரி. முதல் வாரத்திலேயே விரல்கள் விறைத்து, பலகையில் நான் எழுதிய 'அ'வைப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்தது. மாலையில் வெளியே வந்தால் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும். பூக்கடைகள், நகைக்கடைகள், சாலையைக் கடக்கும் கூட்டம் எல்லாம் வெள்ளையாகத் தெரியும். பனி நாட்டில் நிற்பதுபோல நின்று, துடைத்துக்கொண்டு நடப்பேன். பக்கத்தில் தேக்கா சந்தையில் ஒரு கடையில் ஸ்வெட்டர் கேட்டேன்.

"ஜப்பானுக்குப் போறீங்களா அக்கா?" என்றார் கடைக்காரர்.

"இல்லீங்க. பின்னாடி தெருவுக்கு."

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இரண்டு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளும்படி சொன்னார்.

குளிரைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று நிகழ்ச்சி நிர்வாகி ஹஸீனாவிடம் கேட்டேன். அந்தப் பெண் நல்லவள். தன் மேசையில் கையுறை போட்டுக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

"முடியாது டீச்சர். கெஸ்ட் ஆஃப் ஹானர் இன்னும் உள்ள இருக்காரு லா."

"யாரு?"

"சிறப்பு விருந்தினர்."

"எங்க இருக்காரு?"

"ஆக்சுவலி..." ஹஸீனா கொஞ்சம் யோசித்தாள். "டொராண்டோல."

நான் வருவதற்கு முன்பு, நிலையத்தில் சொல்வள மண்டபம் என்று ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். திறந்துவைக்கக் கனடாவிலிருந்து ஒரு பேரறிஞர் வந்திருக்கிறார். கோட்டு சூட்டில் வந்தவருக்கு வியர்க்கக் கூடாது என்று கட்டடத்தை 'விருந்தினர் நிலை'யில் வைத்தார்கள். அதுதான் அந்தப் பதினேழு டிகிரி. அங்கே நுழைகிற யாரும் வாசல் இயந்திரத்தில் அட்டையைத் தட்டிவிட்டு நுழைய வேண்டும், தட்டிவிட்டு வெளியேற வேண்டும். பேரறிஞர் தட்டிவிட்டு நுழைந்தார். பிரியாணி சாப்பிட்டார். விமானத்துக்கு நேரமாகிவிட்டதால் கார் நிறுத்துமிடம் வழியாக இறங்கி, கழுத்தில் அட்டையோடு விமான நிலையத்துக்குப் போய்விட்டார். அவர் வந்தது கட்டடத்துக்குத் தெரியும். போனது தெரியாது. அவர் உள்ளே இருக்கும்வரை அது தன் மரியாதையைக் குறைத்துக்கொள்ளாது.

"அதை நீங்களே மாத்திவிடக் கூடாதா?"

"அவரு தட்டணும் டீச்சர். அவருக்குப் பதிலா நம்ம தட்டினா, நம்ம அவர வெளிய அனுப்பிச்ச மாதிரி. டைரக்டர் ஒத்துக்க மாட்டாரு."

இயக்குநர் முனைவர் சுரேந்தரைப் பார்க்கப் போனேன். அவர் தனியாக இருக்கும்போதும் மேடையில் பேசுவதுபோலத்தான் பேசுவார். எதிரே உட்கார்ந்ததும் என் கணுக்காலில் இதமாக ஏதோ பட்டது. குனிந்து பார்த்தேன். மேசைக்கு அடியில் ஒரு சின்ன ஹீட்டர் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"அது என் கால்களுக்கான தனிப்பட்ட ஏற்பாடு" என்றார். "நிலையத்தின் கொள்கையில் அது தலையிடாது. சொல்லுங்கள், தங்கம் அவர்களே."

"குளிர் தாங்க முடியல ஐயா."

"நீங்கள் குளிர் என்கிறீர்கள். நான் அதை மரியாதை என்பேன். விருந்தினரை வெளியே போகச் சொன்ன இனமா நம் இனம்?"

"அவர் போயிட்டாரே ஐயா."

"போனதாகப் பதிவு இல்லை."

"அப்ப அவரையே இன்னொரு தடவை வரச் சொல்லி..."

"உள்ளே இருப்பவரை எப்படி அழைப்பது?" அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அழைப்பிதழில் என்னவென்று அச்சடிப்போம்?"

இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கால் சூடாக இருந்தது.

விருந்தினர் உள்ளே இருப்பதால் அவரைக் கவனித்துக்கொள்ள விருந்தோம்பல் துணைக்குழு கலைக்கப்படாமல் இருந்தது. தினமும் காலையில் அவருக்கென்று ஒதுக்கிய அறையில் பால் சேர்க்காத ஒரு கோப்பி ஓவும் இரண்டு பிஸ்கட்டும் வைத்தார்கள். மாலையில் கோப்பியை ஊற்றிவிட்டு, 'விருந்தினர் இன்று பிஸ்கட் எடுத்துக்கொள்ளவில்லை' என்று பதிந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் நடுநாற்காலி அவருக்கு. தீர்மானம் எதுவானாலும் கடைசியில் இயக்குநர் அந்த நாற்காலியைப் பார்ப்பார். சிறிது நேரம் காத்திருப்பார். பிறகு, "சிறப்பு விருந்தினர் மறுப்புத் தெரிவிக்கவில்லை" என்பார். தீர்மானம் நிறைவேறிவிடும். கொடியின் நிறத்தை மாற்றியதும், பாடலில் ஒரு சரணம் கூட்டியதும் அப்படித்தான்.

பேரறிஞருக்கு ஹஸீனா மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தாள். அவரும் பண்போடு பதில் எழுதினார். அட்டை எங்கேயோ தொலைந்துவிட்டது, நலமாக இருக்கிறேன், இங்கே இந்த வருஷம் பனி விடவே மாட்டேன் என்கிறது, கை காலெல்லாம் விறைக்கிறது என்று எழுதியிருந்தார். துணைக்குழு அதைக் கூட்டத்தில் வாசித்தது. விருந்தினர் நிலையத்தின் குளிர்நிலையை நன்கு உணர்ந்திருக்கிறார் என்று பதிவு செய்துகொண்டது.

ஒருநாள் பண்ட அறையில் பொன்னாடைகளைக் கண்டுபிடித்தேன். விழாக்களுக்காக வாங்கி மீந்துபோனவை, அடுக்கடுக்காக இருந்தன. ஒன்றை எடுத்து ஸ்வெட்டருக்கு மேலே போர்த்திக்கொண்டு வேலை பார்த்தேன். மறுநாளே இயக்குநர் அழைத்தார்.

"பொன்னாடையைத் தாமே போர்த்திக்கொள்ளும் மரபு நம்மிடம் இல்லை. ஒருவர் போர்த்த, மற்றவர் ஏற்க வேண்டும். போர்த்துபவர் இரண்டு வார்த்தை புகழ வேண்டும்."

அதனால் தினமும் காலையில் ஹஸீனா என் அறைக்கு வந்தாள். பொன்னாடையை என் தோளில் போர்த்திவிட்டு, இரண்டு வார்த்தைக்காக யோசித்துக்கொண்டு நிற்பாள்.

"டீச்சர் வந்து... மார்க்கர் மூடிய கரெக்டா மூடி வைப்பாங்க."

"போதுமா?"

"இன்னொன்னு வேணும் லா. டீச்சரோட... தோடு நல்லாருக்கு."

நான் கைகூப்புவேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தொடர்ச்சியாக யாரும் என்னைப் புகழ்ந்ததில்லை. அவள் போன பிறகு மதியம்வரை யாரும் என் கதவைத் திறப்பதில்லை. அறையில் உட்கார்ந்து உரையாடல் பயிற்சிகள் எழுதுவேன். ஆமினாவும் மல்லிகாவும் பேருந்து நிறுத்தத்தில் சந்திப்பார்கள். 'நலமா?' என்று கேட்பாள் ஒருத்தி. 'நலம், நீ நலமா?' என்பாள் மற்றவள். நாள் முழுக்க நான் இரண்டு பேரையும் பேசவைத்துக்கொண்டிருப்பேன்.

புக்கிட் பாத்தோக்கில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரச் சீன ஆன்ட்டி வாசலில் என்னைப் பார்த்ததும், "ஈட் ஆல்ரெடி?" என்பார். "ஈட் ஆல்ரெடி" என்பேன். பல நாள் மாலைக்கு மேல் என் வாயிலிருந்து வந்த பேச்சு அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவுக்குப் போவேன். துவாஸ் பக்கம் தொழிலாளர் விடுதிகளில் தங்கியிருக்கும் தம்பிகள் திடல் முழுக்க உட்கார்ந்து ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். 'பாப்பா தூங்கிட்டாளா', 'மாடு கன்னு போட்டுச்சா', 'நீ மாத்திரை போட்டியா' என்று நாலா பக்கமும் தமிழ். நடுவே நடந்துபோவேன். அத்தனை தமிழிலும் ஒரு சொல்லாவது என்னைப் பார்த்துச் சொன்னதாக இருக்காது. ஆமினாவுக்கும் மல்லிகாவுக்கும் எழுத அங்கேயிருந்து ஏதாவது கிடைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

எனக்கு இருந்தது சனிக்கிழமை பிற்பகல் மட்டும்தான்.

வகுப்பில் ஐந்து பேருக்குக் குறைந்தால் அது 'உறங்குநிலை'க்குப் போகும் என்பது விதி. நான் வந்தபோது அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொருவராகக் குளிர் கொண்டுபோனது. ஒருவருக்கு சைனஸ், ஒருவருக்கு மூட்டுவலி. ஒருவர் இடைவேளையில் கையைச் சூடாக்கிக்கொள்ள வெளியே போனவர், அப்படியே எம்ஆர்டி ரயில் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். கடைசியில் சரியாக ஐந்து பேர் நின்றார்கள். வங்கியில் வேலை பார்க்கும் ஜெய், பள்ளி அலுவலகத்தில் இருக்கும் தாரணி, எப்போதும் சேர்ந்தே வந்து சேர்ந்தே போகிற இரண்டு தோழிகள், அப்புறம் நாகூர் கனி.

கனி பாய்க்கு அறுபத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கறுப்புத் தொப்பி. தெம்பனிஸிலிருந்து வருவார். மற்றவர்கள் ஜாக்கெட்டுக்குள் சுருண்டிருக்கும்போது அவர் மட்டும் சட்டைக்கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். உறைய வைத்த ஆட்டிறைச்சியை இறக்குமதி செய்து விற்றவர். பாதி வாழ்க்கை குளிர்பதன அறைக்குள் போயிருக்கிறது. அவரைப் பொறுத்தவரை எங்கள் வகுப்பறை வெயில்.

அவர் வந்த இரண்டாவது வாரமே எனக்குச் சந்தேகம். அவர் தப்பாகப் பேசுகிற விதத்தில் ஒரு கவனம் இருந்தது. வகுப்பு முடிந்ததும் நிறுத்திக் கேட்டேன்.

"கனி பாய், உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்குத் தமிழ் தெரியும்தானே?"

அவர் கதவைப் பார்த்தார். "மெல்ல டீச்சர். கேட்டா என்னை வகுப்புல இருந்து எடுத்துருவாங்க."

"அப்புறம் எதுக்கு இங்க வந்து சேர்ந்தீங்க?"

"பிள்ளைங்கல்லாம் இங்கிலீஷ். பேரப்பிள்ளைங்க டிவியப் பாத்துப் பேசும். வீட்டுக்காரி இருந்த வரைக்கும் வீட்ல சத்தம் இருந்துச்சு. மௌத்தாயிட்டா. சனிக்கிழமை ஒரு எடத்துல தமிழ் பேசுறாங்கன்னு பேப்பர்ல பாத்தேன். போனா, தெரியாதவங்கதான் சேரணும்கிறாங்க. டெஸ்ட்டு வேற. ஆட்டுப் படத்தக் காட்டி இது என்னன்னு ஆபீஸ்ல இருக்கிற புள்ள கேக்குது." அவர் குரலைத் தாழ்த்தினார். "தெரியலன்னு சொன்னேன். எவ்ளோ வெக்கமா போச்சு தெரியுமா? ஆட்ட வித்துத்தான் நாலு பிள்ளைங்களப் படிக்க வச்சேன்."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். அந்தக் கட்டடத்துக்குள் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. என் வாயிலிருந்து ஆவி வந்ததோ என்று தோன்றியது.

'நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?' என்பது எங்கள் பாடத்தில் மூன்றாவது உரையாடல். எல்லோரும் ஒருவரையொருவர் கேட்டு, புத்தகத்தில் இருக்கும் பதிலைச் சொல்லி முடிப்பார்கள். கனி பாய் தன் முறை வந்ததும் என்னைக் கேட்டார்.

"நேத்து என்ன சாப்ட்டீங்க டீச்சர்?"

"ரொட்டி."

"ரொட்டிக்கு என்ன?"

"ரொட்டி மட்டும்தான்."

"பசிக்கலையா, இல்ல செய்யச் சோம்பலா?"

அது பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி. அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும் ஒரு மனிதரைப் பார்த்து எவ்வளவு நாளாகிறது என்று நினைத்துக்கொண்டேன். "வீட்டுக்கார ஆன்ட்டிக்குத் தாளிக்கிற வாசனை ஒத்துக்காது பாய்" என்றேன். "ஒரு ஆளுக்குன்னு அடுப்பப் பத்தவைக்கவும் மனசு வரல." ஜெய் இதைப் பாடம் என்று நினைத்துக் குறித்துக்கொண்டான்.

அப்படியிருந்தபோதுதான் தாரணி ஒரு சனிக்கிழமை தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"டீச்சர், ஐ'ம் எக்ஸ்பெக்டிங். மூணு மாசம். இவ்ளோ கோல்ட்ல உக்காரக் கூடாதுன்னு அம்மா ஏசுறாங்க. பேபி தமிழ் பேசணும்னுதான் வந்தேன். பட் பேபிக்கே கோல்ட் ஆயிடுமாம்."

அவளை வாழ்த்தினேன். மனதுக்குள் எண்ணினேன். நான்கு. என் சனிக்கிழமை போகப் போகிறது என்பது அப்போது புரிந்தது. கொஞ்சம் பொறு, அடுத்த வாரத்துக்குள் ஏதாவது செய்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு, நேராக இயக்குநர் அறைக்குப் போனேன். புகார் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்துபோயிருந்தது. வேறு மாதிரி கேட்டேன்.

"ஐயா, சிறப்பு விருந்தினர் வந்து எவ்வளவோ நாளாச்சு. அவருக்கு நாம இன்னும் ஒரு வழியனுப்பு விழாகூட நடத்தலையே."

விழா என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முதுகு நிமிர்ந்தது. பேனாவை எடுத்தார். குளிர் போக வேண்டும் என்று நான் பல மாதமாகக் கேட்டது நடக்கவில்லை. விழா வேண்டும் என்றதும் அன்று மாலைக்குள் மூன்று துணைக்குழுக்கள் கூடிவிட்டன.

ஒரே சிக்கல், விருந்தினர் இல்லை. மேடையில் உட்கார்ந்து, பொன்னாடை ஏற்று, வாசல்வரை நடந்துபோய் அட்டையைத் தட்ட ஓர் உடம்பு வேண்டும். 'விருந்தினரின் சார்பாளர்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சுரேந்தர் அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு வந்து எல்லோரையும் பார்த்தார். ஜெய் நடுங்கிக்கொண்டிருந்தான். தோழிகள் ஒரே சால்வைக்குள் இருந்தார்கள். கனி பாய் மட்டும் நேராக உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"என்ன ஒரு தலைமைக் களை!" என்றார் சுரேந்தர்.

அவர் போனதும் நான் கனி பாயிடம் போனேன். "உங்களுக்கு இஷ்டமில்லைன்னா வேண்டாம் பாய்."

"வகுப்பு நிக்கும்ல டீச்சர்?"

"குளிர் போயிட்டா தாரணி இருப்பா. வகுப்பு நிக்கும்."

"அப்ப சரி. யாரா வேணாலும் வெளிய போறேன்."

விழா நன்றாக நடந்தது. குத்துவிளக்கு, வாழ்த்துப் பாடல், வரவேற்புரை. கிளம்பப் போகிறவரை ஏன் வரவேற்கிறோம் என்று ஜெய் கேட்டான். வரவேற்புரை இல்லாமல் விழா தொடங்காது என்று ஹஸீனா விளக்கினாள். பிறகு இயக்குநர் பேசினார்.

"பேரன்பிற்குரிய சிறப்பு விருந்தினர் அவர்களே! தாங்கள் எங்களோடு இருந்த இத்தனை மாதங்களில் ஒருமுறைகூட எங்களைக் குறுக்கிட்டதில்லை. எங்கள் திட்டம் எதையும் ஏன் என்று கேட்டதில்லை. மற்ற விருந்தினர்கள் வருகிறார்கள். வந்த இடத்தில், மாணவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுவிடுகிறார்கள். எத்தனை பேர் பேசக் கற்றுக்கொண்டார்கள் என்றுகூடக் கேட்டவர்கள் உண்டு. தாங்கள் கேட்கவில்லை! தங்களைப் போன்ற ஓர் அறிஞரை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. தங்கள் நாற்காலி காலியாக இருந்த நாள்களில்தான் இந்த நிலையம் மிகச் சிறப்பாக இயங்கியது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்."

கைதட்டினார்கள். கையுறைகளோடு தட்டியதால் சத்தம் வரவில்லை. பொன்னாடை போர்த்தினார்கள். ஏற்புரைக்கு அழைத்தபோது கனி பாய் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் நன்றி. போய்ட்டு வரேன்."

சுரேந்தரின் முகம் மாறியது. "'வரேன்' வேண்டாமே" என்றார் மெல்ல.

எல்லோரும் வாசலுக்கு ஊர்வலமாகப் போனோம். விருந்தினர் பெயரில் எடுத்த புதிய அட்டையைத் தட்டியதும் இயந்திரம், யார் என்று உறுதிசெய்ய ஐ.சி. என்னும் அடையாள அட்டையைக் கேட்டது. அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. பேரறிஞரின் ஐ.சி. கனடாவில் இருந்தது. எல்லோரும் கனி பாயைப் பார்த்தார்கள். அவர் பணப்பையிலிருந்து தன்னுடையதை எடுத்து வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. 'சென்று வருக' என்றது திரை. அவர் பொன்னாடையோடு வெயிலில் இறங்கி, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

அரை மணி நேரத்தில் கட்டடம் மாறிவிட்டது. குழாய்களின் இரைச்சல் அடங்கியது. ஆட்கள் கையுறையைக் கழற்றி, தங்கள் விரல்களைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருவர் ஜன்னல் ஓரம் நின்று பாட ஆரம்பித்தார். நான் என் பொன்னாடையை மடித்துப் பண்ட அறையில் வைத்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை நான்கு பேர் வந்தார்கள். தாரணி ஜாக்கெட் இல்லாமல் வந்திருந்தாள். கனி பாய் வரவில்லை. ஹஸீனாதான் வந்தாள்.

"டீச்சர், ஒரு ப்ராப்ளம். கனி அங்கிள் கீழதான் நிக்கிறாரு. அவரோட ஐ.சி. இப்ப சிஸ்டம்ல கெஸ்ட் ஆஃப் ஹானர். ஸ்டூடண்ட்டா உள்ள வர முடியாது."

"பழையபடி மாத்திவிடும்மா."

"மரியாதைய ஏத்தலாம் டீச்சர். எறக்க பட்டனே இல்ல. நானும் தேடிப் பாத்துட்டேன்."

இயக்குநரிடம் ஓடினேன். அவர் மேசைக்கு அடியில் இப்போது ஹீட்டர் இல்லை. "சிறப்பு விருந்தினராக உயர்த்திய ஒருவரை, இறங்கி வந்து மாணவர் நாற்காலியில் உட்காருங்கள் என்று சொல்வதா? அது அவருக்கு எவ்வளவு பெரிய இழுக்கு! அவர் எப்போது வேண்டுமானாலும் வரலாம். விருந்தினராக வரலாம். நிலையம் அதற்குரிய குளிர்நிலையோடு அவரை வரவேற்கும்."

"வகுப்புல நாலு பேர்தான் இருக்காங்க ஐயா."

"விதி உங்களுக்குத் தெரியுமே" என்றார் அன்பாக.

கீழே போனபோது கனி பாய் போய்விட்டிருந்தார். வகுப்பு உறங்குநிலைக்குப் போனது. ஜெய்யும் தாரணியும் தோழிகளும் வேறு நிலையங்களுக்கு மாற்றப்பட்டார்கள். ஆசிரியர் ஒப்பந்தம் உறங்குவதில்லை. அதனால் சனிக்கிழமை பிற்பகலில் நான் அந்த அறையில் இருக்க வேண்டும். இருந்தேன்.

இருபத்தைந்து டிகிரி. இதமான காற்று. விரல்கள் நன்றாக வளைந்தன. எழுதினால் 'அ' அழகாக வந்தது. காலையில் ஹஸீனா வருவதும் நின்றுபோயிற்று. போர்த்த வேண்டிய குளிர்தான் இல்லையே. நடைவழியில் பார்த்தால், "ஓகே டீச்சர்?" என்பாள். "ஓகே" என்பேன். குளிரைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தவரை எனக்குப் பேச ஆட்கள் இருந்தார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. குளிரும்போது எல்லோருக்கும் ஒரே பேச்சு இருந்தது. 'இன்னிக்கு எப்படி?' 'நேத்தவிட மோசம்.' இதம் வந்ததும் அவரவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

கனி பாயும் நானும் வெளியே எங்காவது உட்கார்ந்து பேசியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வகுப்பு என்ற பெயர் இல்லாமல், மனைவியை இழந்த ஒரு பாயும் ஊரிலிருந்து தனியே வந்த ஒரு டீச்சரும் தேக்கா கோப்பிக் கடையில் எதிரெதிரே உட்காரலாம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் யாருக்கும் வாயில் வந்திருக்காது.

இரண்டு மூன்று சனிக்கிழமைகள் போயிருக்கும். காலியான மேசைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது.

"டீச்சர், கனி பேசுறேன். கீழ நிக்கிறேன்."

"என்ன பாய் இந்தப் பக்கம்?"

"சும்மாத்தான். தேக்காவுல மீன் வாங்க வந்தேன்."

"வாங்கிட்டீங்களா?"

"இல்ல." உடனே பேச்சை மாற்றினார். "ஐ.சி.ய வச்சா கதவு தொறக்குது டீச்சர். 'வருக வருக'ங்குது. ஆனா நான் காலடி வச்சா பில்டிங்கே குளிரும்ல. அதான் கேட்டுட்டு..."

"இங்க யாரும் இல்லை பாய். நான் மட்டும்தான்."

"உங்களுக்குக் குளிருமே. அவ்ளோ பாடுபட்டு நிறுத்துனீங்க."

மூன்றாம் மாடியில் ஹஸீனா அன்று வேலைக்கு வந்திருந்தாள். அரைக்கைச் சட்டையில் இருந்தாள், காலையில் பார்த்தேன். அவளுக்கும் குளிரும் என்று நினைத்தேன். நினைத்த பிறகும், "உள்ள வாங்க பாய்" என்றேன்.

அவர் லிஃப்டுக்கு வந்திருக்கக்கூட மாட்டார், தலைக்கு மேலே குழாய்கள் இரைய ஆரம்பித்துவிட்டன. குளிர் முதலில் கழுத்தில் இறங்கியது. பிறகு தோளுக்கு, முழங்கைக்கு, விரல்களுக்கு வந்தது. கீழே மூன்றாம் மாடியில் யாரோ "அல்லாவே!" என்று கத்துவது கேட்டது. நான் எழுந்து, ஒரு நாற்காலியை என் மேசைக்கு எதிரே இழுத்துப் போட்டேன்.